கை சுருட்ட, காது கேட்க

காய்கறி நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும், இரவு முழுக்க நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும்போதும் காதில் ஒரு குரல் பேசிக்கொண்டே இருப்பது இன்று சாதாரணக் காட்சி. கொலை வழக்கு ஒன்றின் மறுவிசாரணை, சோழர் வரலாறு, பங்குச் சந்தை, ஆங்கிலப் பாடம் என்று எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். இதை இருபது ஆண்டுப் புதுமை என்றே பலரும் நினைக்கிறோம். சொல்லளவில் அது சரி. 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் நாளிதழில் எழுதிய பென் ஹாமர்ஸ்லி, இப்படி ஒலிபரப்புவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்து முன்வைத்த சொற்களில் ஒன்றுதான் 'பாட்காஸ்டிங்'. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டு நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கை வேலையில் இருக்க, காதும் மனமும் இன்னொருவரின் குரலைப் பின்தொடரும் வழக்கம் அதைவிட மிகப் பழையது. அதன் வரலாற்றைப் பார்த்தால், பாட்காஸ்ட்டைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் போதாதவை என்று தெரியும். கவனம் சிதறுகிறதா, நேரம் மிச்சமாகிறதா என்பவை இரண்டாம்பட்சம். குரலைத் தேர்ந்தெடுப்பவர் யார், அதற்குக் கூலி கொடுப்பவர் யார், கேட்ட பிறகு அதைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும்தான் இந்த வழக்கத்தின் மதிப்பை ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்திருக்கின்றன.

கூபாவின் தலைநகர் ஹவானாவில் இருந்து தொடங்கலாம். 1865இல் அது ஸ்பெயினின் காலனி நகரம். உலகத்துக்கே சுருட்டு அனுப்பிய நகரம். அங்கே பார்த்தகாஸ் சுருட்டாலையில் வேலை பார்த்த சத்துர்னினோ மார்த்தினெஸ் என்ற கவிஞர், அந்த ஆண்டு 'லா அவுரோரா' என்ற வார இதழைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கினார். அறிவியல், இலக்கியம், தொழிலாளர் நலன் எல்லாம் அதில் வந்தன. ஆனால் யாருக்காக நடத்தினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பக் கண்ட வழிதான் ஆலைக்குள் உரக்க வாசிப்பது. 1865 டிசம்பர் 21 அன்று எல் ஃபிகரோ என்ற சுருட்டாலையில் முதல் வாசிப்பு நடந்தது. தொழிலாளி ஒருவரே வாசித்தார். சுருட்டாத நேரத்துக்கு அவர் இழந்த கூலியை மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து போட்டு ஈடுகட்டினார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பார்த்தகாஸ் ஆலையும் வாசிப்புக்கு இடம் கொடுத்தது. பிற ஆலைகளும் அந்த வழியில் வந்தன.

காலப்போக்கில் அது ஒரு தனித் தொழிலாகவே ஆனது. 'லெக்டோர்' என்று அழைக்கப்பட்ட வாசிப்பாளர், வரிசை வரிசையான சுருட்டு மேசைகளுக்கு நடுவில் உயர்த்திக் கட்டிய மேடையில் அமர்ந்து வாசிப்பார். ஒலிபெருக்கி இல்லாத காலம். நூற்றுக்கணக்கானவர் இருக்கும் கூடத்தின் கடைசி மேசை வரை குரல் எட்ட வேண்டும். காலையில் நாளிதழ்ச் செய்திகள், பிற்பகலில் நாவல் என்பது பொதுவான முறை. விக்டர் ஹ்யூகோ, அலெக்சாந்தர் துமா, எமில் ஸோலா, செர்வாந்தெஸ் எல்லாம் அந்த மேடையிலிருந்து தொழிலாளர் காதுக்குப் போனார்கள். வேலைக்கு வர விரும்பும் வாசிப்பாளர் முதலில் தொழிலாளர்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டும். எந்த நாவல் என்பதை வாக்கெடுப்பு முடிவு செய்யும். வாசிப்பு பிடித்திருந்தால் புகையிலை நறுக்கும் சிறு கத்தியை மேசைப் பலகையில் தட்டுவார்கள். அதுவே அங்கே கைதட்டல். கூபாவில் பிறந்த சுருட்டு வகை ஒன்று 1935 முதல் 'மாண்டேகிறிஸ்தோ' என்ற பெயரில் விற்கப்படுகிறது. 'மாண்டேகிறிஸ்தோ கோமகன்' என்ற துமாவின் நாவல் அந்த ஆலைகளில் எவ்வளவு கேட்கப்பட்டது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

இந்த வழக்கம் நெசவாலையில் தோன்றாமல் சுருட்டாலையில் தோன்றியதற்குக் காரணம் வேலையின் தன்மை. கையால் சுருட்டு சுற்றுவதில் எந்திர இரைச்சல் கிடையாது. பழகிய கைக்குக் கண்காணிப்பு அதிகம் தேவையில்லை. நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. கூலி எண்ணிக்கைக் கணக்கு. கை ஓயாமல் இயங்க, மனம் சும்மா கிடந்தது. இந்த நிலைமை இருந்த வேறு இடங்களிலும் வாசிப்பு முளைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பை 1886இல் நிறுவிய சாமுவேல் காம்பர்ஸ் இளமையில் நியூயார்க்கில் சுருட்டுத் தொழிலாளி. பட்டறையில் தாம் வாசிக்க, அந்த நேரத்துக்கான சுருட்டுகளைச் சக தொழிலாளர்கள் சுற்றிக் கொடுத்ததைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கேரளத்தின் கண்ணூர் வட்டாரப் பீடிப் பட்டறைகளில் ஒருவர் நாளிதழ் வாசிக்க, அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1968இல் மங்களூரைச் சேர்ந்த முதலாளிகள் புதிய தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட மறுத்துப் பட்டறைகளை மூடினார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தொழிலாளர்கள் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டுறவை நடத்திக் காட்டும் அறிவும் நம்பிக்கையும் அவர்களிடம் இருந்ததற்குத் தொழிற்சங்கம் ஒரு காரணம் என்றால், பட்டறை வாசிப்பு இன்னொரு காரணம். கூபாவுக்கும் கண்ணூருக்கும் தொடர்பு கிடையாது. ஒரே மாதிரியான வேலை ஒரே மாதிரியான வழக்கத்தைப் பெற்றெடுத்தது.

கூபாவின் ஆட்சியாளர்களுக்கு இந்த வாசிப்பின் பொருள் உடனே புரிந்தது. எல் ஃபிகரோவில் முதல் வாசிப்பு நடந்து ஐந்து மாதம் கூட ஆகவில்லை. 1866 மே மாதம் ஹவானா ஆளுநரின் தடை வந்துவிட்டது. நூல்களையும் இதழ்களையும் வாசிப்பதும், வேலைக்குச் சம்பந்தமில்லாதவற்றை விவாதிப்பதும் தொழிலாளர் கவனத்தைக் கெடுக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். வாசிப்போடு விவாதத்தையும் சேர்த்துத் தடை செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாவல் கேட்கும் தொழிலாளியைவிட, கேட்டதைப் பக்கத்து மேசைக்காரரோடு பேசும் தொழிலாளிதான் அவர்களை அச்சுறுத்தினார். அந்த அச்சம் வீணானதும் அல்ல. 1868இல் மூண்ட விடுதலைப் போரால் கூபாவை விட்டு வெளியேறிய சுருட்டுத் தொழிலாளர்கள் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டிலும், பிறகு டாம்பா நகரின் ஈபோர் சிட்டியிலும் குடியேறியபோது வாசிப்பு மேடையையும் கொண்டு போனார்கள். கூபாவின் விடுதலை இயக்கத் தலைவர் ஹோஸே மார்த்தி 1892இல் தம் கட்சியை நிறுவியபோது அதற்குப் பணமும் ஆளும் தந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தொழிலாளர்களே. போர்த்தோ ரிக்கோவின் பெண்ணுரிமை எழுத்தாளர் லூயிசா கப்பெதில்லோ சுருட்டாலை வாசிப்பாளராக வேலை பார்த்தவர். ஒரு தலைமுறையின் அரசியல் கல்வி பள்ளிக்கூடத்துக்கு வெளியே, புகையிலை வாசத்துக்கு நடுவே நடந்தது.

டாம்பாவில் அந்த மேடைகள் விழுந்தது 1931 நவம்பரில். வாசிப்பாளர்கள் தீவிர இடதுசாரி எழுத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி ஆலை உரிமையாளர்கள் வாசிப்பையே நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள், ஆலைகள் கதவடைத்தன. மீண்டும் திறந்தபோது வாசிப்பாளர் இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி இருந்தது. இது ஒரு தொழில்நுட்பம் பழையதாகி இன்னொன்று வந்த கதை அல்ல. 1923இலேயே கூபாவின் சுருட்டாலைகளுக்குள் வானொலி நுழைந்துவிட்டது. ஆனால் அங்கே வாசிப்பாளரும் வேலையில் நீடித்தார். ஆகவே வானொலி வந்தால் வாசிப்பாளர் போயே தீர வேண்டும் என்பதில்லை. டாம்பாவில் அவர் போனதற்குக் காரணம், குரலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேட்பவரிடமிருந்து உரிமையாளரிடம் கைமாறியதுதான். வாசிப்பாளருக்கு வாரச் சந்தா போட்டவர்கள் தொழிலாளர்கள். வானொலிப் பெட்டியை வாங்கி வைத்தவர் முதலாளி. இரண்டும் காதுக்குத்தான் வேலை கொடுத்தன; ஆனால் ஒன்றில் தொழிலாளி தலைவர், மற்றதில் வெறும் செவி.

அந்த வெறும் செவிக்கு என்ன தரலாம் என்று திட்டமிட்டே செயல்பட்ட உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூனில், பிபிசி 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆயுதத் தொழிற்சாலைகளில் உற்பத்தி குறையாமல் இருக்க, நாள்தோறும் இரு வேளை இசை. எந்திர இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும், தூக்கம் வரக் கூடாது, தாளம் சீராக இருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடு. 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற பாட்டு விலக்கி வைக்கப்பட்டது. அதில் கைதட்டல் வரும் இடத்தில் தொழிலாளர்கள் கருவிகளால் எந்திரத்தைத் தட்டிவிடுவார்கள் என்பது காரணம். ஹவானாவில் கத்தியைத் தட்டியது கேட்பவரின் தீர்ப்பு. பிரிட்டிஷ் ஆலையில் அதே தட்டல் ஒழுங்குமீறல். அந்த நிகழ்ச்சியால் பல லட்சம் பேருக்குச் சலிப்பு குறைந்தது உண்மை. போர்க்காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் அங்கே ஒலி உற்பத்தியின் ஒரு கருவியாக இருந்தது. நம் ஊர் ஏற்றப்பாட்டும் வேலைக்கான பாட்டுதான். இறைத்த சாலின் கணக்கையே பாட்டில் வைத்து எண்ணினார்கள். ஆனால் அதைப் பாடியவர்கள் ஏற்றம் இறைத்தவர்கள்.

வானொலி என்றாலே மேலிருந்து பேசும் குரல்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது தவறாகும். நம் நாட்டு அனுபவமே அதை மறுக்கிறது. சென்னையில் 1924இல் ஆர்வலர்கள் ஒன்றுகூடி நடத்திய வானொலிச் சங்கம் பணமின்றி 1927இல் நின்றது. 1930இல் மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றது. வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கியின் முன் கூடிக் கேட்டார்கள். 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி நிலையம் 150 மராத்தி கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. வாரத்துக்கு இரு முறை ஊர்க்காரர் கொஞ்சம் பேர் மன்றமாகக் கூடி ஒரு நிகழ்ச்சியைக் கேட்பார்கள்; பிறகு அதைப் பற்றி விவாதிப்பார்கள்; கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவார்கள். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் இந்த மன்றங்கள் இருந்த ஊர்களை, வானொலி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வெகுவாகக் கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் மாற்றம் சொற்பம். அதாவது பெட்டி ஒன்றே, பேச்சும் ஒன்றே, கூடிப் பேசியதுதான் வேறுபாடு. பத்தாண்டு கழித்து தஞ்சை வட்டாரத்தில் ஏடிடி 27 என்ற நெல் பரவியபோது, திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியே அதை அறிந்த உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள். வானொலியில் கேட்டதை வரப்பில் நின்று ஒருவரோடொருவர் பேசிப் பார்த்துத்தான் விதையை மாற்றியிருப்பார்கள்.

பாட்காஸ்ட் வந்த வழி வேறு. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு செருகு துளைகளும், பாட்டைத் தணித்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு பொத்தானும் இருந்தன. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று அதை உருவாக்கியவர்களே தயங்கினார்கள். மக்கள் தயங்கவில்லை, அடுத்தடுத்த வாக்மேன்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது. செவி தனியுடைமை ஆன பிறகு, அதற்குள் போகும் குரலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இணையத்தோடு திரும்பி வந்தது. மென்பொருளாளர் டேவ் வைனரும் முன்னாள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆடம் கரியும் முன்னின்று வளர்த்த, புதிய பதிவுகளைத் தானே கொண்டு சேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடைமுறையில், பேச விரும்பும் எவரும் ஒலிக்கோப்பை வெளியிடலாம். கேட்க விரும்பும் எவரும் எந்தச் செயலியிலும் அதைப் பெறலாம். அலைவரிசை உரிமம் வேண்டாம்; நிலைய இயக்குநரின் ஒப்புதல் வேண்டாம். 2014இல் 'சீரியல்' என்ற தொடர் ஒரு பழைய கொலை வழக்கை வாரம் ஒரு பகுதியாகச் சொல்லி உலகெங்கும் கேட்பவர்களைப் பெற்றது. துமாவின் அடுத்த அத்தியாயத்துக்காகச் சுருட்டுத் தொழிலாளி காத்திருந்தது போலத்தான் அவர்களும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள். மூன்று கேள்விகளில் முதலாவதற்கு, யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, பாட்காஸ்ட் தந்த பதில் 1931க்குப் பிறகு வந்தவற்றில் மிக நல்லது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சுருட்டாலை வாசிப்பு உண்மையில் சுதந்திரமா? வாக்கெடுப்பில் தோற்றவரும் அதே நாவலைத்தான் கேட்டாக வேண்டும். எழுந்து போக முடியாது. இன்று ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைக் கேட்கிறார்கள். பெரும்பான்மைக்குப் பணிய வேண்டியதில்லை. ஊரில் தன்னையொத்தவர் யாருமில்லாத ஒருவருக்கு, தன் நோயைப் பற்றியோ தன் ஆர்வத்தைப் பற்றியோ பேசும் தொலைதூரக் குரல் பெருந்துணை. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தனிமையில் வேலை செய்யும் ஓட்டுநருக்கும் இரவுக் காவலருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் மேடை போட்டு வாசிக்க எவரும் வரப்போவதில்லை. ஆனால் இந்த மறுப்பு தேர்வைப் பற்றியது; நான் இழப்பு என்று சொல்வது அதற்கு அடுத்த படியை. தோற்ற வாக்காளர் நாவலைக் கேட்டுவிட்டுப் பக்கத்து மேசையோடு சண்டை போட்டார். தனக்குப் பிடிக்காததையும் கேட்டு, அதற்கு எதிர்வாதம் யோசித்து, அதைச் சொல்ல ஆளும் வைத்திருந்தார். இன்று ஒரே அறையில் பத்துப் பேர் பத்துக் குரல்களைக் கேட்கிறார்கள். கேட்டது சரியா என்று சோதிக்க ஒருவருக்கும் இன்னொருவர் இல்லை. தவறான மருத்துவக் குறிப்பும் பொய் வரலாறும் காதோடு காதாக நம்பப்படுவதற்கு இது வழி வகுக்கிறது. கேட்பவர் கிளர்ச்சி செய்வார் என்று 1866இல் ஆளுநர் அஞ்சினார். தனித்தனியாகக் கேட்பவர்களைக் கண்டு அவர் அஞ்சியிருக்க மாட்டார்.

இரண்டாவது மறுப்பு கவனத்தைப் பற்றியது: வேலையையும் கேட்பதையும் ஒருசேரச் செய்தால் இரண்டும் கெடும் என்பார்கள். வரலாறு இதற்குத் தரும் பதில், வேலை எது என்பதைப் பொறுத்தது. சுருட்டும் பீடியும் சுற்றும் கைக்கு வாசிப்பு இடையூறாக இருந்திருந்தால், எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கியவர்கள் அதற்குத் தங்கள் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டார்கள். தன் கூலி குறைவதைத் தொழிலாளியைவிட நுட்பமாக அறிந்தவர் எவரும் இல்லை. ஆனால் இந்தச் சான்றைக் கொண்டு கடிதம் எழுதும்போதும் கணக்கைச் சரிபார்க்கும்போதும் பாட்காஸ்ட் கேட்கலாம் என்று வாதிட முடியாது. கைவேலை மொழியைப் பயன்படுத்துவதில்லை. எழுத்து வேலை மொழியாலேயே ஆனது. இரண்டு பேச்சுகளை ஒரே மனம் ஒரே நேரத்தில் பின்தொடர முடியாது. அலுவலகத்தில் இயர்போன் மாட்டியவர் பல வேளைகளில் கேட்பதற்காக மாட்டவில்லை, சுற்றிலும் உள்ள பேச்சிலிருந்து தப்பிக்கவே மாட்டுகிறார். அதற்கு ஒலி தடுப்பு என்று பெயர். வாசிப்பு என்று பெயரில்லை.

மூன்று கேள்விகளில் இரண்டாவது, பணம். வாசிப்பாளருக்குக் கேட்பவர்களே கூலி கொடுத்ததால் அவர் கேட்பவர்களுக்கே பொறுப்பாளி. இன்று பாட்காஸ்ட் பெரும்பாலும் இலவசம். விளம்பரதாரர் பணம் தருகிறார். 2019இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஜிம்லெட், ஆங்கர் என்ற இரு பாட்காஸ்ட் நிறுவனங்களை வாங்கியது. 2020இல் ஜோ ரோகனின் புகழ்பெற்ற நிகழ்ச்சியைத் தன் செயலியில் மட்டுமே கேட்கும்படி செய்தது. 2024இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. எவருக்கும் திறந்திருந்த ஓடையைச் சுற்றி வேலி போட முடியும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. ஏழைக்கும் கிடைக்க வேண்டுமானால் இலவசம்தானே நல்லது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஹவானாவிலும் டாம்பாவிலும் சந்தா போட்டவர்கள் பணக்காரர்கள் அல்லர். ஒருவரால் முடியாததை நூறு பேர் சிறு காசாகப் பகிர்ந்தார்கள். சந்தாவும் நன்கொடையும் கொண்டு நடக்கும் பாட்காஸ்ட்டுகள் இன்றும் அந்த முறையில்தான் நிற்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. குரலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாட்காஸ்ட் மீட்டுத் தந்தது. கூலி கொடுப்பவர் யார் என்பதில் பாதி வழி வந்து நிற்கிறது. கூடிப் பேசுவதை இழந்துவிட்டது. அந்த இழப்பைக் கருவியின் மேல் போட வேண்டாம். சரிசெய்ய நம்மால் முடியும். உங்களுக்குப் பயன் தரும் ஒரு தமிழ்ப் பாட்காஸ்ட்டுக்குச் சிறு தொகையேனும் மாதம் அனுப்புங்கள். நூலகத்திலோ சங்க அலுவலகத்திலோ வீட்டுக் கூடத்திலோ வாரம் ஒரு முறை நாலு பேராக ஒன்றைக் கேட்டு, அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுங்கள். புனே கிராமங்கள் காட்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வசதியும் தேவைப்படவில்லை. கூபாவில் வாசிப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012இல் அந்நாடு இவ்வழக்கத்தைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இப்போது அவர்களுக்குச் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. ஆனால் புதிதாக வருபவரின் குரலைக் கேட்டு, இவர் இருக்கலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் இன்றும் சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்களே.